கோசல மன்னர் பசேனதியும் புத்தரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தர் காலத்து அரசர்கள் என்றால் நம் பாடப்புத்தகங்களில் பிம்பிசாரர் வருவார், அஜாதசத்ரு வருவார். பல தலைமுறை கழித்து வந்த அசோகருக்குத் தனிப் பாடமே உண்டு. ஆனால் பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களைத் திறந்தால் புத்தரோடு உட்கார்ந்து அதிகம் பேசியவர் கோசல மன்னர் பசேனதிதான். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

பசேனதி யார்? எந்த ஊர், எந்தக் காலம்?

கோசல நாட்டின் அரசர். வடமொழி நூல்கள் இவரைப் பிரசேனஜித் என்கின்றன. காலம் கி.மு. 6–5ஆம் நூற்றாண்டு. புத்தரின் காலத்தைக் கணக்கிடுவதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் பல பத்தாண்டு வித்தியாசம் இருப்பதால், இதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. தலைநகர் சாவத்தி, அதாவது சிராவஸ்தி. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் ரப்தி ஆற்றின் பக்கம் இருக்கிறது. அந்த ஆற்றுக்கு அப்போது அசிராவதி என்று பெயர்.

காசியும் இவர் ஆளுகையில் இருந்தது. புத்தர் பிறந்த சாக்கிய குலமும் கோசலத்துக்கு அடங்கியே இருந்தது. சாக்கியர்கள் பசேனதிக்குக் கும்பிடு போட்டு எழுந்து நிற்கிறார்கள், அதே மரியாதையைப் பசேனதி எனக்குச் செய்கிறார் என்று புத்தரே ஓரிடத்தில் சொல்கிறார். இருவர் உறவையும் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும். பிறப்பால் பார்த்தால் ஒருவர் ஆள்பவர், மற்றவர் அவருக்கு அடங்கிய குலத்துப் பிள்ளை.

இதெல்லாம் எங்கிருந்து தெரிகிறது? கல்வெட்டு ஏதாவது உண்டா?

அவர் வெட்டிவைத்த கல்வெட்டு எதுவும் இல்லை. எல்லாம் பௌத்த நூல்களில் இருந்துதான். புத்தரின் பேச்சுகளான சூத்திரங்களைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் 'கோசல சம்யுத்தம்' என்றே ஒரு பகுதி உண்டு. 25 சின்னச் சின்ன சூத்திரங்கள், எல்லாம் இவரைச் சுற்றியே. இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் சில நீண்ட உரையாடல்கள் இருக்கின்றன. பௌத்தத் துறவிகளான பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலிலும் அங்கங்கே தலைகாட்டுகிறார்.

அப்புறம் இவற்றுக்கு எழுதப்பட்ட விளக்கங்களான உரைகளும், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும். இவை இன்றைய வடிவத்துக்கு வந்தது பல நூற்றாண்டு கழித்து. பாலி உரைகளில் பெரும்பகுதி கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் இலங்கையில் தொகுக்கப்பட்டது. சுவையான கதைகள் பலவும் இந்த உரைகளில்தான் இருக்கின்றன, மிகைப்படுத்தலும் இவற்றில்தான் அதிகம். அதனால் கீழே எது சூத்திரம், எது உரை என்று பிரித்தே சொல்கிறேன்.

கண்ணால் பார்க்கக்கூடிய பழைய சான்று வேண்டுமானால் பர்ஹுத் ஸ்தூபத்தின் கல்வேலி. கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது. தேரில் ஓர் அரசர் வர, பக்கத்தில் ஒரு மண்டபத்தில் புத்தரைக் குறிக்கும் தர்மச்சக்கரம் இருக்கிறது. அரசர் உருவத்தின் அருகே 'கோசல அரசர் பசேனஜி' என்று பிராமி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புத்தரைப் பார்த்ததும் சீடராகிவிட்டாரா?

இல்லை, சந்தேகத்தோடுதான் போனார். சூத்திரத்தின்படி அவர் கேட்ட முதல் கேள்வியே கொஞ்சம் குத்தலானது. பூரண காசியபர், மக்கலி கோசாலர், நிகண்ட நாதபுத்தர் போன்ற பெரிய துறவிகள்கூட, 'நீங்கள் முழு ஞானம் பெற்றவரா' என்று நான் கேட்டபோது ஆமாம் என்று சொல்லவில்லை. நீங்களோ வயதில் சின்னவர், துறவுக்கும் புதியவர். நீங்கள் மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள்?

புத்தர் கோபப்படவில்லை. சிறிது என்று அலட்சியப்படுத்தக் கூடாதவை நான்கு என்றார்: அரச குலத்து இளைஞன், பாம்பு, நெருப்பு, பிக்கு. அரசகுமாரனை முதலில் வைத்ததைக் கவனியுங்கள். கேட்பவருக்கு உடனே உறைக்கும் உதாரணம் அதுதானே.

அன்றே பசேனதி சரணடைந்ததாகச் சூத்திரம் முடிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதுதான் மீதி எல்லாக் கதையும்.

மல்லிகா தேவிக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. மல்லிகா பூமாலை கட்டுபவர் வீட்டுப் பெண் என்று உரைகள் சொல்கின்றன. அரசியான பிறகு புத்தரிடம் அரசரைவிட ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அரண்மனையில் இது ஒரு நிரந்தரச் சீண்டலாகவே இருந்திருக்கிறது.

மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சம்பவம். சாவத்தியில் ஒருவருடைய ஒரே மகன் இறந்துபோகிறான். புத்திரசோகத்தோடு வந்தவரிடம், அன்புக்குரியவர்களிடமிருந்துதான் துயரமும் புலம்பலும் பிறக்கின்றன என்கிறார் புத்தர். வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. அன்பிலிருந்து மகிழ்ச்சி அல்லவா பிறக்கிறது என்று எழுந்து போய், பக்கத்தில் சூதாடிக்கொண்டிருந்தவர்களிடம் நியாயம் கேட்கிறார். அவர்களும் அவர் பக்கமே பேசுகிறார்கள். பேச்சு பரவி அரண்மனை வரை வருகிறது.

பசேனதி மனைவியிடம், "மல்லிகா, உன்னுடைய கோதமர் இப்படிச் சொன்னாராமே?" என்கிறார். "அவர் சொல்லியிருந்தால் அது அப்படித்தான், மகாராஜா" என்கிறார் மல்லிகா. அரசருக்குச் சுர்ரென்று கோபம். வாத்தியார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடும் மாணவன் மாதிரி, கோதமர் எது சொன்னாலும் நீ ஆமாம் போடுகிறாய், போ இங்கிருந்து என்று விரட்டிவிடுகிறார்.

மல்லிகா வாதாடவில்லை. நாளிஜங்கர் என்ற பிராமணரைப் புத்தரிடம் அனுப்பி, சொன்னது உண்மையா, என்ன பொருளில் சொன்னார் என்று விசாரித்துவரச் செய்கிறார். பிறகு கணவரிடம் வந்து கேட்கிறார்: "நம் மகள் வஜிரி உங்களுக்குப் பிரியமானவளா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்குத் துயரம் வருமா, வராதா?" அடுத்து அரசரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகன் விடூடபன், அடுத்து மல்லிகா தன்னைப் பற்றி, அடுத்து காசியும் கோசலமும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். காசி இல்லாவிட்டால் எங்கிருந்து சந்தனம், எங்கிருந்து மாலையும் நறுமணமும் என்று அரசரே ஒப்புக்கொள்கிறார். எழுந்து, மேலாடையை ஒரு தோளில் சரிசெய்து, புத்தர் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பி மூன்று முறை வணக்கம் சொல்கிறார்.

இன்னொரு நாள் மாடியில் இருவரும் தனியாக இருக்கும்போது, "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா?" என்று அரசர் கேட்கிறார். நீங்கள்தான் என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார் போலும். மல்லிகா, "இல்லை, மகாராஜா. உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்க, யோசித்துவிட்டு அவரும் இல்லை என்கிறார். இதைப் போய்ப் புத்தரிடம் சொல்ல, எல்லாருக்கும் தன்னுயிர் அப்படித்தான், அதனால் தன்னை நேசிக்கிறவன் பிறரை வருத்தக் கூடாது என்று பதில் வருகிறது.

பௌத்தரான பிறகும் வேள்வி நடத்தினாரா?

ஏற்பாடு செய்தார் என்பது சூத்திரத்திலேயே இருக்கிறது. 500 காளைகள், 500 இளங்காளைகள், 500 கிடாரிகள், 500 ஆடுகள், 500 செம்மறிக் கடாக்கள் வேள்வித் தூணுக்குக் கொண்டுவரப்பட்டன. அதில் ஒரு வரி மனத்தில் நிற்கும்: அடிமைகளும் வேலைக்காரர்களும் தண்டனைக்குப் பயந்து, முகமெல்லாம் கண்ணீரோடு அந்த வேலைகளைச் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது. விலங்குகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஆட்களின் முகத்தையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பெரிய வேள்விகளால் பெரும்பயன் இல்லை, உயிர்க்கொலை இல்லாத வேள்வியே நல்லது என்பது புத்தர் சொன்னது. அந்த வேள்வி நடந்ததா, நின்றதா என்று சூத்திரம் சொல்லவில்லை. ஜாதகக் கதை வேறு மாதிரி: அரசருக்கு ஒரே இரவில் 16 கெட்ட கனவுகள் வந்தன, பரிகாரமாக வேள்வி செய்யச் சொன்னார்கள், மல்லிகா தடுத்துப் புத்தரிடம் அனுப்பினார், விலங்குகள் அவிழ்த்துவிடப்பட்டன.

வேள்வி மட்டுமில்லை. உக்கட்டை, ஓபசாதம், சாலவதிகை ஆகிய ஊர்களைப் பெரிய பிராமணர்களுக்கு இறையிலியாக இவர் கொடுத்திருந்த செய்தி பௌத்த நூல்களிலேயே வருகிறது. புத்தரிடம் சரணடைந்தார் என்பதற்காக மற்றவர்களைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. ஓர் அரசர் அப்படிக் கைவிடவும் முடியாது.

புத்தர் சொல்லி உடம்பு இளைத்தார் என்பது உண்மையா?

சூத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து உலகின் மிகப் பழைய 'டயட்' கதைகளில் இதுவும் ஒன்று.

பசேனதி அந்த நாட்களில் ஒரு துரோண அளவு அரிசிச் சோறும் கறியும் சாப்பிடுவார். துரோணம் என்பது நாழியைப்போலப் பல மடங்கு. ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்க வாங்கப் புத்தர் முன்னால் வந்து உட்கார்கிறார். புத்தர் ஒரு நான்கடிப் பாட்டு சொல்கிறார். கிடைத்த உணவில் அளவறிந்து, எப்போதும் கவனத்தோடு இருப்பவனுக்கு உபாதைகள் குறையும், முதுமை மெதுவாக வரும், ஆயுள் காக்கப்படும் என்பது அதன் கருத்து.

அரசருக்குப் பின்னால் சுதஸ்ஸனன் என்ற பிராமண இளைஞன் நிற்கிறான். அவனைப் பார்த்து, இந்தப் பாட்டை மனப்பாடம் செய்துகொள், எனக்குச் சோறு பரிமாறும்போதெல்லாம் சொல்லு, தினம் 100 காசு தருகிறேன் என்கிறார். அவனும் தினமும் சொல்கிறான். படிப்படியாகக் குறைந்து அதிகபட்சம் ஒரு நாழிச் சோறு என்ற அளவில் வந்து நிற்கிறது. பிறகு ஒருநாள் இளைத்த கை கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே, பகவான் எனக்கு இந்தப் பிறவிக்கும் நல்லது செய்தார், மறுமைக்கும் நல்லது செய்தார் என்று நெகிழ்கிறார்.

புத்தர் அவரிடம் உபவாசம் இரு என்று சொல்லவில்லை, துறவைப் பற்றியும் பேசவில்லை. மூச்சு வாங்குகிற மனிதருக்கு மூச்சு வாங்காமல் இருக்க வழி சொன்னார். இந்த 25 சூத்திரங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அஜாதசத்ருவோடு நடந்த போரில் புத்தர் யார் பக்கம்?

அஜாதசத்ரு மகத அரசர், பசேனதிக்குச் சகோதரி மகன். பசேனதியின் சகோதரி பிம்பிசாரருக்கு வாழ்க்கைப்பட்டபோது காசியில் ஒரு கிராமத்தைச் சீதனமாகக் கொடுத்தார்கள் என்றும், அஜாதசத்ரு தந்தையைக் கொன்றபின் அந்தக் கிராமத்தை வைத்தே சண்டை மூண்டது என்றும் உரைகள் சொல்கின்றன.

முதல் போரில் பசேனதி தோற்றுச் சாவத்திக்குப் பின்வாங்கினார். பிக்குகள் பிச்சைக்குப் போன இடத்தில் செய்தி கேட்டுவந்து சொல்ல, பசேனதிக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், அஜாதசத்ருவுக்குக் கெட்ட நண்பர்கள், ஆனாலும் தோற்ற பசேனதிக்கு இன்றிரவு தூக்கம் வராது என்றார் புத்தர். வெற்றி பகையைப் பெற்றெடுக்கும், தோற்றவன் துயரத்தோடு படுப்பான், இரண்டையும் விட்டவன் நிம்மதியாகத் தூங்குவான் என்ற பெயர்பெற்ற பாட்டு வருவது இங்கேதான்.

அடுத்த போரில் பசேனதி ஜெயித்து அஜாதசத்ருவை உயிரோடு பிடித்துவிட்டார். ஆனாலும் சகோதரி மகன். யானை, குதிரை, தேர், காலாள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு ஆளை மட்டும் விட்டுவிட்டார். அதற்குப் புத்தர் பாராட்டு எதுவும் சொன்னதாக இல்லை. கொள்ளையடிப்பவன் ஒருநாள் கொள்ளையடிக்கப்படுவான் என்ற வகையில்தான் சொன்னார். ஆக, பிரியம் பசேனதியிடம், தீர்ப்பு யார் பக்கமும் இல்லை.

பெண் குழந்தை பிறந்ததற்கு வருந்தினாராமே?

ஆமாம். புத்தரோடு உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆள் வந்து காதோடு காதாக, மல்லிகா தேவிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்கிறான். அரசரின் முகம் வாடுகிறது. சில பெண்கள் ஆணைவிட மேலானவர்களாக வளர்வார்கள், அறிவும் ஒழுக்கமும் உடையவளாக, மாமியாரை மதிப்பவளாக இருப்பாள், அவள் வயிற்றில் வீரன் பிறப்பான், நாட்டை ஆள்வான் என்று புத்தர் ஆறுதல் சொல்கிறார்.

இதைப் பெண்ணுரிமைப் பிரகடனம் என்று தூக்கிப்பிடிப்பவர்கள் உண்டு. முதல் பாதி அன்றைக்குப் பெரிய பேச்சுதான். இரண்டாம் பாதி மாமியாரிலும் ஆண் வாரிசிலும் வந்து முடிகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெண்ணறிவை மதித்ததற்கு வேறொரு சூத்திரம் இன்னும் நல்ல சான்று. சாகேதத்துக்கும் சாவத்திக்கும் இடையில் ஓர் ஊரில் ஒரு ராத்திரி தங்கும்போது, இங்கே யாராவது ஞானி இருந்தால் பார்க்க வேண்டும் என்கிறார் பசேனதி. தேடிப்போன ஆள் கேமா என்ற பிக்குணியைப் பற்றிச் சொல்கிறான். அரசர் போய் வணங்கி உட்கார்ந்து, ததாகதர், அதாவது புத்தர், இறந்த பின் இருப்பாரா, இல்லையா என்று கேட்கிறார். "கங்கை மணலை எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கர் உங்களிடம் இருக்கிறாரா? கடல் நீரை அளந்து சொல்ல?" என்று கேமா திருப்பிக் கேட்கிறார். கடலைப்போல ததாகதரும் அளவுக்கு அப்பாற்பட்டவர், இருப்பார் என்றும் இல்லை என்றும் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது என்பது பதில். பிறகு அதே கேள்வியைப் புத்தரிடம் கேட்க, சொல்லுக்குச் சொல் அதே பதில் வந்ததைப் பார்த்து வியந்துபோகிறார்.

பிக்குகளின் அமைப்பான சங்கத்துக்கு இவர் என்ன செய்தார்? ஜேதவனம் கொடுத்தது இவரா?

இல்லை. சாவத்தியில் புத்தர் தங்கிய தோப்பான ஜேதவனத்தை ஜேத இளவரசரிடம் வாங்கிச் சங்கத்துக்குக் கொடுத்தவர் அனாதபிண்டிகர் என்ற வணிகர். பூர்வாராமம் என்ற மடம் விசாகை என்ற வணிகர் வீட்டுப் பெண்மணியின் கொடை. சாவத்தியில் சங்கம் வேரூன்றியது வணிகர் பணத்தில்தான். பசேனதி பிக்குணிகளுக்கு ராஜகாராமம் என்ற மடத்தைக் கட்டிக்கொடுத்ததாக உரைகள் கூறுகின்றன. மற்றபடி அவர் கொடுத்த பெரிய விஷயம் பாதுகாப்பு. புத்தர் 25 மழைக்காலங்களைச் சாவத்தியில் கழித்தார் என்பது மரபு. நாட்டு அரசரின் ஆதரவு இல்லாமல் அது நடந்திருக்காது.

பிக்குகள் மீது அவருக்கு ஒரு கண் இருந்தது என்பதும் உண்மை. விநயத்தில் வரும் கதை இது: இளம் பிக்குகள் சிலர் அசிராவதியில் இறங்கித் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் இருந்து பார்த்த அரசர், "மல்லிகா, உன்னுடைய அர்ஹந்தர்கள் தண்ணீரில் விளையாடுவதைப் பார்" என்கிறார் (அர்ஹந்தர் என்றால் ஆசைகளை முற்றும் வென்றவர்). அதற்கு இன்னும் விதி வகுக்கவில்லையோ என்னவோ, அல்லது இவர்களுக்குத் தெரியாதோ என்று சமாளிக்கிறார் மல்லிகா. கோள் சொன்ன மாதிரியும் ஆகக் கூடாது, புத்தருக்குத் தெரியவும் வேண்டும், என்ன செய்வது? அரசர் அந்தப் பிக்குகளைக் கூப்பிட்டு ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் கொடுத்து, இதைப் பகவானிடம் சேர்த்துவிடுங்கள் என்கிறார். அவர்கள் கொண்டுபோய்க் கொடுக்க, அரசர் உங்களை எங்கே பார்த்தார் என்று புத்தர் கேட்க, தண்ணீரில் விளையாடும்போது என்று அவர்களே உளறிவிட, விதி பிறக்கிறது.

அரண்மனைக்குள் பிக்குகள் முன்னறிவிப்பின்றி நுழையக் கூடாது என்ற விதிக்கும் இவர் வீடுதான் காரணம். புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் ஒருநாள் காலையில் உள்ளே வர, அரசரோடு படுக்கையில் இருந்த மல்லிகா பதறி எழுந்ததில் ஆடை நழுவிவிட்டது. இதையொட்டி அரண்மனைக்குள் போவதில் உள்ள 10 ஆபத்துகளைப் புத்தர் பட்டியலிடுகிறார். அங்கே ஒரு நகை தொலைந்தால் பிக்குவைச் சந்தேகிப்பார்கள், ரகசியம் வெளியே போனால் பிக்குவைச் சந்தேகிப்பார்கள் என்ற ரீதியில் போகிறது. அரச நட்பின் விலையை அவர் நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்.

துறவிகளை ஒற்றர்களாகப் பயன்படுத்தினாரா?

ஒற்றர்களைத் துறவிகளாக அனுப்பினார் என்பதே சரி. பூர்வாராமத்தில் ஒரு மாலை நேரம். சடைமுடியோடும் நீண்ட நகங்களோடும் பல வகைத் துறவிகள் கூட்டமாகக் கடந்து போகிறார்கள். பசேனதி எழுந்து, வலது முழங்காலை மண்ணில் ஊன்றி, கைகூப்பி, நான் கோசல அரசன் பசேனதி என்று மூன்று முறை சொல்லி அவர்களை வணங்குகிறார். பிறகு புத்தரிடம் வந்து, இவர்கள் உலகத்து அர்ஹந்தர்களில் சேர்ந்தவர்கள்தானே என்கிறார்.

புத்தர் நழுவாமல் பதில் சொல்கிறார். கூடவே வாழ்ந்தால்தான் ஒழுக்கம் தெரியும், கொடுக்கல் வாங்கலில்தான் நேர்மை தெரியும், கஷ்டத்தில்தான் உறுதி தெரியும், பேசிப் பார்த்தால்தான் அறிவு தெரியும், அதுவும் நீண்ட நாள் கழித்து. உடனே அரசர் உண்மையைக் கக்குகிறார்: "பகவானே, அவர்கள் என் ஆட்கள், நாட்டை வேவு பார்த்துவிட்டு வருகிறார்கள். இனி அழுக்கைக் கழுவி, முடி திருத்தி, வெள்ளை உடுத்திச் சுகமாக இருப்பார்கள்."

இது புத்தருக்கு வைத்த சோதனையா, வெறும் விளையாட்டா என்பது நீங்கள் படிக்கும் தொனியைப் பொறுத்தது. எனக்குச் சோதனையாகவே படுகிறது.

அங்குலிமாலன் கதையில் வரும் அரசர் இவர்தானா?

இவரேதான். பலரைக் கொன்ற கொள்ளைக்காரன் அங்குலிமாலனை 500 குதிரை வீரர்களோடு பிடிக்கக் கிளம்பி, வழியில் ஜேதவனத்துக்கு வருகிறார். அங்கே மொட்டைத் தலையோடு அமர்ந்திருக்கும் பிக்குதான் அவன் என்று புத்தர் கைகாட்ட, அரசருக்கு உடம்பு சிலிர்க்கிறது. தடியாலும் வாளாலும் எங்களால் அடக்க முடியாதவனைத் தடியும் வாளும் இல்லாமல் அடக்கிவிட்டீர்களே என்கிறார். கைது செய்யவில்லை. அங்குலிமாலனுக்கு உடையும் உணவும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இருவரும் கடைசியாக எப்போது சந்தித்தார்கள்?

இருவருக்கும் 80 வயது. சாக்கிய நாட்டில் ஏதோ வேலையாகப் போன பசேனதி ஒரு தோப்பில் நடக்கிறார். மர வேர்களின் அமைதியைப் பார்த்ததும் புத்தர் நினைவு வருகிறது. எங்கே இருக்கிறார் என்று தளபதி தீக காராயணனிடம் விசாரித்து, மூன்று யோசனை தூரம் வண்டியில் போகிறார்.

வாசலில் வாளையும் தலைப்பாகையையும் கழற்றிக் காராயணன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே போகிறார். காலில் விழுந்து, பாதங்களை முத்தமிட்டு, கையால் வருடி, நான் பசேனதி வந்திருக்கிறேன் என்று பெயர் சொல்கிறார். இந்த உடம்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று புத்தர் கேட்க, மனிதர் மனம்திறந்து காரணங்களை அடுக்குகிறார்.

அதில் ஒன்று: நான் முடிசூடிய அரசன், கொல்லவும் நாடு கடத்தவும் அதிகாரம் உள்ளவன். ஆனாலும் சபையில் நான் பேசும்போது குறுக்கே பேசுகிறார்கள், பேசி முடிக்க விடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. உங்கள் சபையிலோ ஒருவர் தொண்டையைச் செருமினார், பக்கத்தில் இருந்தவர் முழங்காலால் இடித்து, சத்தம் போடாதீர்கள், பகவான் பேசுகிறார் என்றார்.

இன்னொன்று: இசிதத்தன், புராணன் என்று என்னிடம் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். என் சோறு, என் வண்டி. ஒருமுறை படையெடுப்பின்போது ஓர் இடுக்கமான வீட்டில் அவர்களோடு தங்கினேன். ராத்திரி நெடுநேரம் தர்மம் பேசிவிட்டு, நீங்கள் இருக்கும் திசையில் தலையையும் என் பக்கம் காலையும் வைத்துப் படுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, "பகவானும் க்ஷத்திரியர், நானும் க்ஷத்திரியன். பகவானும் கோசலத்தவர், நானும் கோசலத்தவன். உங்களுக்கும் எண்பது, எனக்கும் எண்பது" என்கிறார். பிறகு, வேலை நிறைய இருக்கிறது, கிளம்புகிறேன் என்று எழுந்து போகிறார்.

அவர் எப்படி இறந்தார்?

சூத்திரம் மேலே சொன்ன இடத்தோடு நிற்கிறது. மீதியைச் சொல்வது உரை. காராயணனுக்கு ஒரு பழைய பகை இருந்தது. அவனுடைய மாமன் பந்துலன் பசேனதியின் முந்தைய தளபதி. பொய்க் கோளை நம்பி அவனையும் அவன் பிள்ளைகள் 32 பேரையும் அரசர் கொல்லச் செய்திருந்தார். வாளும் தலைப்பாகையும் கைக்கு வந்ததும் காராயணன் அவற்றை எடுத்துக்கொண்டு போய் மகன் விடூடபனுக்கு முடிசூட்டிவிட்டான். வெளியே வந்த கிழ அரசருக்கு மிச்சம் ஒரு குதிரையும் ஒரு பணிப்பெண்ணும். அஜாதசத்ருவிடம் உதவி கேட்க மகதத் தலைநகர் ராஜகிருகம் வரை போனார். போய்ச் சேர்ந்தபோது கோட்டைக் கதவு சாத்தியாகிவிட்டது. வெளியே ஒரு சத்திரத்தில் படுத்தவர் களைப்பில் அன்றிரவே இறந்தார். காலையில் பணிப்பெண்ணின் அழுகுரல் கேட்டுத்தான் விஷயம் தெரிந்தது. இறுதிச் சடங்கைச் செய்தவர் அஜாதசத்ரு.

விடூடபன் சாக்கியர்களை அழித்ததற்குப் பசேனதிதான் காரணமா?

மறைமுகமாக, ஆமாம். இதுவும் உரைக் கதைதான். பிக்குகளுக்கு அரண்மனையில் தினமும் சோறு போட ஏற்பாடு செய்தார் பசேனதி. ஏழு நாள் தாமே பரிமாறினார். அப்புறம் மறந்துவிட்டார், வேறு யாரையும் நியமிக்கவும் இல்லை. பிக்குகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தி, கடைசியில் ஆனந்தர் மட்டும் மிஞ்சினார். நம் மீது இவர்களுக்கு ஒட்டுதல் வர வேண்டுமானால் புத்தரின் குலத்தில் பெண் எடுக்க வேண்டும் என்று அரசருக்குத் தோன்றியது.

சாக்கியர்களுக்குக் குலப்பெருமை அதிகம். கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் பயம். சாக்கியத் தலைவர் மகாநாமருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த வாசப கத்தியாவை அரசகுமாரி என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மகன்தான் விடூடபன். பதினாறு வயதில் தாய்வழி ஊருக்குப் போனான். அவன் உட்கார்ந்து எழுந்த பலகையை அடிமைமகன் உட்கார்ந்தது என்று பால் கலந்த நீரால் கழுவினார்கள். விஷயம் அவன் காதுக்கு எட்டியது. ஆட்சிக்கு வந்ததும் படையெடுத்தான். புத்தர் மூன்று முறை வழியில் நிழல் குறைந்த மரத்தடியில் வந்து உட்கார, மூன்று முறையும் திரும்பிப்போனான். நான்காம் முறை புத்தர் வரவில்லை. சாக்கியர்களை வெட்டிச் சாய்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆற்றுமணலில் படுத்த விடூடபனையும் படையையும் அசிராவதி வெள்ளம் கொண்டுபோனது.

புத்தரின் உறவுக்காரர் ஆக வேண்டும் என்ற ஆசையில் தொடங்கி புத்தரின் உறவினர்கள் அழிந்ததில் முடிகிற கதை. அரச ஆதரவின் ஆபத்தை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லும் கதையைப் பௌத்த மரபே பாதுகாத்து வைத்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அசோகரைப்போல இவரையும் பௌத்த அரசர் என்று சொல்லலாமா?

சொல்வது பொருத்தமில்லை. அசோகர் தம்மத்தை அரசாணையாகக் கல்லில் பொறித்தார், அதற்கென அதிகாரிகளை வைத்தார். பசேனதியிடம் அப்படி எந்தத் திட்டமும் இல்லை. ஒருமுறை இவர் ஏராளமானவர்களைக் கயிற்றாலும் சங்கிலியாலும் கட்டிச் சிறையில் போட்டிருந்ததைப் பிக்குகள் வந்து சொன்னபோதுகூட, இரும்பைவிட ஆசையே வலிய கட்டு என்று பிக்குகளுக்கு உபதேசம் செய்தாரே தவிர, அரசரை அழைத்து விடுதலை செய் என்று புத்தர் சொன்னதாக இல்லை. இன்று படிக்கும்போது இது உறுத்தத்தான் செய்கிறது. நண்பர், பக்தர், ஆதரவாளர் என்று சொல்லலாம். ஆட்சி அவருடையது, அதில் சங்கம் தலையிடவில்லை.

சாவத்தியை இன்று பார்க்க முடியுமா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்தின் சிராவஸ்தி மாவட்டத்தில், பல்ராம்பூரில் இருந்து போகலாம். சஹேத் என்பது ஜேதவனம், மஹேத் என்பது மதில் சூழ்ந்த பழைய நகரம். 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் கன்னிங்காம் அடையாளம் கண்டார். சீன யாத்திரிகர் பாகியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனபோதே ஊரில் 200 குடும்பங்கள்தான் இருந்தன. கூட்டம் ஜேதவனத்தில்தான் இருக்கும். மஹேத் பக்கமும் போய்வாருங்கள், அரசரின் ஊர் அதுதான்.

படிக்க வேண்டுமானால் கோசல சம்யுத்தத்தில் தொடங்குங்கள். பல சூத்திரங்கள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது, வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு மஜ்ஜிம நிகாயத்தின் 87ஆம், 89ஆம் சூத்திரங்கள்: ஒன்று மல்லிகாவின் வாதம், மற்றது கடைசிச் சந்திப்பு. விடூடபன் கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் படித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அந்த முடிவை மனத்தில் வைத்தே படிக்கத் தோன்றும்.